காலை ஏழு பன்னிரண்டுக்கு எடுத்த படம்

ஞாயிறு, 17 ஏப்ரல் 2005. காலை 11.15.

கிட்டுவின் வீட்டுக் கதவு தாழிடப்படவில்லை. சும்மா சாத்தியிருந்தது. கோதை இரண்டு தரம் "அண்ணா" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் இல்லை. தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

கிட்டு ஹாலில் குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் ரத்தம் உறைந்து கறுத்திருந்தது. ஒரு முழத் தூரத்தில் அவருடைய பைப் ரெஞ்ச், யாரோ துணி போட்டுத் துடைத்து வைத்த மாதிரி பளிச்சென்று இருந்தது.

கோதை கத்தவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைத் துணியை விலக்கிக் காட்டி "உங்க பெண்தானே?" என்று கேட்டார்களே, அன்றோடு அவளுக்குக் கத்துவது விட்டுப் போயிருந்தது. கண் மட்டும் தன் பாட்டுக்கு அறையைச் சுற்றி வந்தது. மேஜை மேல் இரண்டு டபரா டம்ளர், இரண்டிலும் காபி குடித்த மிச்சம். ஒன்றில் விளிம்பு தெரியாமல் எறும்பு மொய்த்திருந்தது. மேஜைக்காலில் ஏறி வந்த எறும்புச்சாரை நேராக அந்த டம்ளருக்கே போயிற்று. பக்கத்து டம்ளரை அது சீந்தவில்லை.

அப்புறம்தான் வெளியே ஓடிப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

*

மராட்டி பேசும் ஊரான கட்கியில், தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சந்தில் கோதையும் அவள் கணவர் விஸ்வேஸ்வரனும் குடிவந்து இருபத்திரண்டு வருஷம். அவருக்குத் தொழிற்சாலையில் டூல் ரூமில் வேலை. அதே டூல் ரூமில் ஃபிட்டராக இருந்து ரிடையர் ஆனவர் கிட்டு. மனைவி போய்ச் சேர்ந்தபின் நான்கு வீடு தள்ளித் தனியாக இருந்தார்.

கோதைக்கு ஒரே மகள், வைஷு. 2003 நவம்பரில் தாபோடி ரோட்டில் சைக்கிளில் வந்துகொண்டிருந்தவளை ஏதோ ஒரு வேன் அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. நம்பரை யாரும் பார்க்கவில்லை. போலீஸ் நாலு மாதம் தேடிவிட்டு ஃபைலை மூடியது.

அதற்கப்புறம் கோதை படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை என்றே சொல்லலாம். பால்கனிக் கதவைச் சாத்தினவள் திறக்கவே இல்லை. டாக்டர் மாத்திரை கொடுத்தார். அவளை எழுப்பி நடக்க வைத்தது கிட்டுதான். போன ஜூன் மாதம் ஒரு சின்ன டிஜிட்டல் காமிராவை வாங்கிக்கொண்டு வந்தார்.

"தெனம் காலம்பற ஒரு மணி நேரம் நடங்கோ கோதை. பூ இருந்தா பூவை எடுங்கோ. கண்ணுக்கு விநோதமா ஏதாவது பட்டா அதை எடுங்கோ. பதினோரு மணிக்கு நான் வந்து பார்ப்பேன். ஒரு நாள் விடப்படாது."

அவள் விடவில்லை. ஆறரைக்குக் கிளம்பி ஏழே முக்காலுக்குள் திரும்பிவிடுவாள். மதில் தாண்டித் தொங்கும் காகிதப்பூ, ரயில்வே லைனோரக் கொன்றை, விளக்குக் கம்பத்தில் சங்கிலி போட்டுப் பூட்டிய பிளாஸ்டிக் நாற்காலி, ஓடாத ஸ்கூட்டர் சீட்டில் அடைகாக்கும் கோழி, தலைகீழாக மாட்டிய பஸ் ஸ்டாப் போர்டு. பத்து மாதத்தில் ஆயிரக்கணக்கில் எடுத்திருந்தாள். பதினோரு மணிக்குக் கிட்டு வருவார். கண் சரியில்லை என்று சொல்லி முந்தின வருஷக் குளிர்காலத்தில் தன் மாருதி வேனை விற்றவர், காமிராவின் தீப்பெட்டித் திரையில் இலைக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பூச்சியைக்கூடச் சுட்டிக்காட்டுவார். விஸ்வேஸ்வரனுக்கு அதில் ஒரு கிண்டல் உண்டு. "கண்ணு தெரியாதவன் பார்க்கற பார்வையைப் பாரு" என்பார்.

நடையின் கடைசிப் படம் எப்போதும் கிட்டு வீட்டு மதில். உடைந்த பக்கெட்டுகளில் ஏழு தொட்டி டேபிள் ரோஸ் வைத்திருந்தார். கோதை எடுக்கும்போதெல்லாம் அவை சுருட்டி வைத்த மொட்டுதான்.

"உங்க செடி மொட்டோடயே வாடற ஜாதி போலிருக்கு அண்ணா."

"பொறுமையா இருங்கோ," என்று சிரிப்பார் கிட்டு.

காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டால் அவளுக்கு எட்டரையிலிருந்து பத்தரை வரை நினைவு இருக்காது, தூங்கிப் போவாள். அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். பதினொன்று அடித்துக் கால் மணி ஆகியும் கிட்டு வராததால் தேடிக்கொண்டு போனாள்.

*

திங்கள், 18 ஏப்ரல். காலை 9.30.

இன்ஸ்பெக்டர் வாக்மாரே மெல்லப் பேசுகிற மனிதர். கோதை வீட்டு ஹாலில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார். கோதை அவருக்குக் காபி கொண்டுவந்து வைத்தாள். கணவருக்குச் சர்க்கரை போடாத டம்ளரைத் தனியாக நீட்டினாள். பேச்சு ஹிந்தியில் நடந்தது.

"டாக்டர் சொல்வது, கிட்டு இறந்தது ஆறரைக்கும் எட்டுக்கும் நடுவில். நீங்கள் அப்போது தெருவில் இருந்தீர்கள்."

"ஆமாம்."

"யாரையாவது பார்த்தீர்களா?"

"பால்காரர். பேப்பர் போடுகிறவர். வேற யாரும் ஞாபகம் இல்லை."

"சார், நீங்கள்?"

"வீட்டில்தான் இருந்தேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்," என்றார் விஸ்வேஸ்வரன். பிறகு ஏதோ தோன்றினாற்போல, "இவள் தினமும் படம் எடுப்பாள். காமிராவைப் பார்த்தால் ஏதாவது கிடைக்கலாம்," என்றார்.

கான்ஸ்டபிள் காமிராவின் கார்டைக் கழற்றிக்கொண்டு கடைவீதி ஸ்டூடியோவுக்கு ஓடினார். பிற்பகலில் வாக்மாரே இரண்டு செட் பிரிண்டோடு திரும்பி வந்தார். ஒவ்வொரு படத்தின் வலது மூலையிலும் தேதியும் மணியும் ஆரஞ்சு நிறத்தில் விழுந்திருந்தன. வாக்மாரே முப்பத்தொரு படங்களையும் மணி வரிசையாக மேஜை மேல் அடுக்கினார். பாதியில் ஒன்றை எடுத்துக் கோதையிடம் நீட்டினார்.

ஒரு சைக்கிள். கேரியரில் சாணைக்கல், கைப்பிடியில் சிவப்பு ரிப்பன். பின்னால் கிட்டு வீட்டு கேட்டும் மதிலும். மதிலின் மேல் தொட்டிகள் சிவப்பும் மஞ்சளுமாகப் பாதி வெட்டுப்பட்டுத் தெரிந்தன. மூலையில் மணி: 07:12.

"இது யார் சைக்கிள் என்று உங்களுக்குத் தெரியுமா?"

"இஸ்மாயில் பாயுடையது. கத்தி, கத்தரிக்கோல் சாணை பிடிக்கிறவர்."

அந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் தெரிந்தவர் அவர். மேலப்பாளையத்துக்காரர். மாதம் ஒருமுறை வந்து கோதையின் அரிவாள்மனையைத் தீட்டிக் கொடுத்துவிட்டு, வாசலில் நின்றபடியே டீ குடிப்பார். "இன்னும் ரெண்டு கரண்டி சீனி போடுங்கம்மா, இது என்ன வெந்நீரா?" என்பார். அவர் சைக்கிளை அவள் முன்பும் இரண்டு மூன்று முறை படம் எடுத்திருக்கிறாள்.

"அவனை ஏற்கெனவே விசாரித்தோம். நேற்றுப் பத்தே காலுக்குத்தான் வந்தேன், கதவைத் தட்டினேன், திறக்கவில்லை, போய்விட்டேன் என்கிறான்," என்றார் வாக்மாரே. "போன வாரம் ரம்பத்தைக் கெடுத்துவிட்டான் என்று கிட்டு அவனைத் தெருவில் வைத்துத் திட்டியதற்கு நாலு சாட்சி. இப்போது இந்தப் படம். இதை எடுத்தது நீங்கள்தானே?"

கோதை படத்தையே பார்த்தாள். நேற்று நடந்த வழி முழுக்க மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். கோழி இருந்தது. கொன்றை இருந்தது. சைக்கிள் இல்லை.

"எனக்கு... ஞாபகம் வரவில்லை."

"மாத்திரை சாப்பிடுகிறாள் சார்," என்றார் விஸ்வேஸ்வரன் தாழ்ந்த குரலில். "போன வாரம் கேஸை அணைக்காமல் போய்ப் படுத்துவிட்டாள். கேட்டால் அணைத்தேன் என்று சத்தியம் பண்ணுகிறாள்."

"காமிரா வேறு யார் கையிலாவது இருந்ததா அம்மா?"

"நடக்கும்போது என் கையில்தான். வீட்டுக்கு வந்தால் ஃப்ரிட்ஜ் மேலே."

"அப்படியானால்?"

"அப்படியானால் நான்தான் எடுத்திருக்க வேண்டும்."

வாக்மாரே அதை அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். ஒரு செட் பிரிண்டை அவளிடமே விட்டுவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் இஸ்மாயிலை அழைத்துப்போனார்கள்.

கோதை அதன்பின் நடக்கப் போகவில்லை. பிரிண்டுகளை உறையோடு அலமாரியில் போட்டு மூடினாள். பார்க்காததைப் பார்க்கவில்லை என்று சொல்லத் துணிவில்லாதவளுக்குக் காமிரா எதற்கு என்று தோன்றிற்று. நாளெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கேஸை மூன்று தரம் அணைத்துப் பார்த்தாள்.

*

மே ஒன்பதாம் தேதி இஸ்மாயில் செத்துப் போனார். விசாரணைக் கைதியாக உள்ளே இருந்தவருக்கு ஏற்கெனவே மூச்சிரைப்பு உண்டு. விடிகாலையில் அதிகமாகி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் அடங்கிவிட்டது. பேப்பரில் நாலு வரி போட்டிருந்தார்கள்.

விஸ்வேஸ்வரன் அந்த நாலு வரியைப் படித்தார். பேப்பரை மடித்து வைத்துவிட்டு பாத்ரூமுக்குப் போய் வெகுநேரம் குழாயைத் திறந்துவிட்டிருந்தார்.

*

வியாழன், 12 மே. காலை 8.20.

கடைவீதிக்குப் பின்னால் ஒரு தகரக் கூரை வீடு. வாசலில் இஸ்மாயிலின் மனைவி நஸ்ரின் உட்கார்ந்து பிளவுஸுக்கு ஹூக் தைத்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். கோதையைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை. விரட்டவும் இல்லை.

"உக்காருங்கம்மா."

கோதை படியில் உட்கார்ந்தாள். வாசலோரத்தில் ஒரு எண்ணெய் டின் இருந்தது. அதில் டேபிள் ரோஸ். எல்லாம் சுருட்டிய மொட்டு. எதையாவது பேச வேண்டுமே என்று, "இதுவும் பூக்காத ஜாதியா?" என்று கேட்டாள்.

நஸ்ரின் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினாள். "பூக்காம என்ன? இது பத்து மணிப் பூவுல்லா. வெயில் ஏறி ஒன்பதரை, பத்துக்குத்தான் கண்ணத் தொறக்கும். மத்தியானம் மூணு மணிக்கு மூடிரும். அவரு அதப் பாத்துத்தான் வண்டிய எடுப்பாரு. காலையில குளிருக்கு அவருக்கு நெஞ்சு அடைச்சுக்கும். பூ தொறந்தா வெயில் வந்துட்டுன்னு அர்த்தம், கெளம்பலாம்பாரு. இருபது வருசத்துல ஒரு நாளு அவரு ஏழு மணிக்கு வெளிய போனது இல்ல. போலீஸ்ல சொன்னேன். பொண்டாட்டி சொல்லு எடுபடாதுன்னுட்டாங்க."

கோதை மொட்டுகளையே பார்த்தாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லை. நான் அப்புறம் வரேன்."

*

காலை 9.05.

அலமாரியைத் திறந்து உறையை எடுத்தாள். முப்பத்தொரு படங்களையும் தரையில் பரப்பினாள். கடைசியாக மதிலை எடுத்த படம், மணி 07:36. ஏழு தொட்டியிலும் மொட்டு, ஒன்றுகூட விரியவில்லை. அதன் பக்கத்தில் 07:12-ஐ வைத்தாள். அதே மதில், அதே தொட்டிகள். அத்தனையும் விரிந்திருந்தன.

இருபத்து நான்கு நிமிஷத்தில் விரிந்த பூ ஒன்றுகூட மிச்சமில்லாமல் மொட்டாகச் சுருட்டிக்கொள்ளாது.

படத்தைத் திருப்பினாள். ஸ்டூடியோ மெஷின் ஒவ்வொரு பிரிண்டின் முதுகிலும் பொடி எழுத்தில் படத்தின் நம்பரை அடித்திருந்தது. காமிரா எடுக்க எடுக்கத் தானே போட்டுக்கொள்ளும் நம்பர். அன்றைய முதல் படம் 4614. காலை 07:36 மணிப் படம் 4643. சைக்கிள் படம் 4644.

முன்னால் எடுத்திருக்க வேண்டிய படம் கடைசியில் எடுக்கப்பட்டிருக்கிறது. அவள் வீட்டுக்குத் திரும்பி, காமிராவை ஃப்ரிட்ஜ் மேல் வைத்து, மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்ததற்குப் பிறகு. அதன் கடிகாரத்தைப் பின்னால் திருகி, படம் எடுத்து, மறுபடி சரிசெய்து, இருந்த இடத்திலேயே வைத்திருக்கிறார்கள்.

அந்த நேரத்தில் வீட்டில் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி தூங்கிக்கொண்டிருந்தாள்.

கோதை பிரிண்டுகளுக்கு நடுவில் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் அந்த எறும்புகள் நினைவுக்கு வந்தன. கிட்டுவுக்குக் காபி பாயசமாக இருக்க வேண்டும். இஸ்மாயிலுக்கும் அப்படியே. எறும்பு தொடாத அந்த இரண்டாவது டம்ளரில் சர்க்கரையே இருந்திருக்காது. அந்த மாதிரிக் காபியை அவள் பன்னிரண்டு வருஷமாக ஒரே ஒருவருக்குத்தான் போட்டுக் கொடுக்கிறாள்.

தன் ஞாபகம் கெடவே இல்லை என்று தெரிந்தபோது அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. கெட்டுப் போயிருக்கக் கூடாதா என்று இருந்தது. நேரம் போனதே தெரியவில்லை. மூன்று மணிக்கு எழுந்து, வாக்மாரே கொடுத்துவிட்டுப் போன நம்பருக்கு டெலிபோன் செய்தாள்.

*

மாலை 5.40.

விஸ்வேஸ்வரன் டிபன் பையோடு உள்ளே வந்தார். வாக்மாரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். தரையில் பரப்பிய படங்களைப் பார்த்தார். செருப்பைக் கழற்றாமல் நின்றார்.

கோதை ஹிந்தியிலேயே பேசினாள். வாக்மாரேவுக்கு ஒரு வார்த்தை விட்டுப்போகக் கூடாது.

"அந்த ஞாயிற்றுக்கிழமை பத்தே காலுக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள்?"

"வீட்டில். ஏன்?"

"வெளியே போகவில்லையா?"

"பிளேடு வாங்கக் கடைக்குப் போனேன்."

"கிட்டு அண்ணா வீட்டைத் தாண்டித்தானே கடைக்குப் போக வேண்டும்?"

அவள் இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பூவைக் காட்டினாள். திருப்பி நம்பரைக் காட்டினாள். "இஸ்மாயில் சொன்னது நிஜம். பத்தே காலுக்கு அவர் வந்து கதவைத் தட்டியபோது இந்தப் பூ விரிந்திருந்தது. அப்போதுதான் இந்தப் படம் எடுக்கப்பட்டது. எடுத்தது நானில்லை. எல்லோரும் மூலையில் இருந்த மணியைப் பார்த்தோம். பூவை யாரும் பார்க்கவில்லை. தினமும் அதைப் பார்த்த நானும் பார்க்கவில்லை. காலையில் அண்ணாவோடு உட்கார்ந்து சர்க்கரை போடாத காபி குடித்தவர்தான் அவரை அடித்தவர். அவரே பத்தே காலுக்கு இந்தக் காமிராவைத் தூக்கிக்கொண்டு போனவர். இன்ஸ்பெக்டர் ஸாப், அது என் கணவர் விஸ்வேஸ்வரன். ஏன் என்று மட்டும் எனக்குத் தெரியாது."

வாக்மாரே 07:12 படத்தைக் கையில் எடுத்தார். மூன்று வாரம் அது அவருடைய ஃபைலில் முதல் பக்கமாக இருந்தது. நெடுநேரம் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "சார், பேசுங்கள்," என்றார்.

விஸ்வேஸ்வரன் தமிழில் ஆரம்பித்தார்.

"காலம்பற நீ கிளம்பிப் போனப்புறம் கூப்பிட்டான். காபி போட்டு வெச்சிருக்கேன் வாடா விசுன்னான். குடிச்சு முடிக்கறவரைக்கும் ஒண்ணும் சொல்லலை."

வாக்மாரே கோதையைப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. கோதை அதை ஹிந்தியில் சொன்னாள். காலையில் கூப்பிட்டார். காபி கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை ஒன்றும் சொல்லவில்லை.

"அப்புறம் என் காலைப் பிடிச்சுண்டான். என்னால இனிமே சுமக்க முடியலைடா, இன்னிக்குப் பதினோரு மணிக்குக் கோதை கிட்ட சொல்லிடப் போறேன், அதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லணும்னான்."

அவள் அதையும் சொன்னாள்.

"கோதை, வேண்டாம். இதுக்கு மேல நீ கேக்க வேண்டாம். வேற யாராவது தமிழ் தெரிஞ்சவாளை..."

"சொல்லுங்கோ."

"வைஷுவை அடிச்ச வேன் அவனோடது."

சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. வாக்மாரே காத்திருந்தார்.

"க்யா போலே?" என்று, அவர் என்ன சொன்னார் என மெல்லக் கேட்டார்.

கோதை வாயைத் திறந்தாள். "எங்கள் பெண்ணை அடித்துவிட்டுப் போன வேன் கிட்டுவினுடையது," என்று தப்பில்லாத ஹிந்தியில் சொன்னாள்.

"குடிச்சிருந்தானாம். யாருன்னு தெரியாது, பயந்துண்டு வந்துட்டேன், மறுநாள் உங்காத்து வாசல்ல கூட்டத்தைப் பார்த்தப்புறம்தான் தெரிஞ்சுதுன்னான். ஒன்றரை வருஷம் நம்மாத்துல வந்து உக்காந்து காபி குடிச்சானே கோதை. ரெஞ்ச் மேஜை மேல கிடந்தது. எடுத்தது தெரியும். அப்புறம் அவன் கிடக்கான்."

அவள் மொழிபெயர்த்தாள்.

"இஸ்மாயில்?" என்றார் வாக்மாரே.

விஸ்வேஸ்வரன் உட்கார்ந்துவிட்டார். "பிளேடு வாங்கப் போனேன். சைக்கிள் நின்னுது. அவன் கதவைத் தட்டிண்டிருந்தான். என்ன பண்றோம்னு யோசிக்கலை. ஓடி வந்து காமிராவை எடுத்தேன். கொஞ்ச நாள்ல ஜாமீன்ல வந்துடுவான்னு நெனச்சேன். செத்துப் போவான்னு யாருக்குத் தெரியும்?"

"என்னையும்தானே ஞாபகம் கெட்டவளா ஆக்கினேள்," என்றாள் கோதை, அதை ஹிந்தியில் சொல்லி முடித்தபின், தமிழில். "கேஸை நான் அணைச்சேன். அணைச்சேன்னு சொன்னேனே. அது கிட்டு அண்ணா போறதுக்கு முன்னாடி. அப்பவே ஆரம்பிச்சுட்டேளா?"

"அது நிஜமாவே நீ அணைக்கலைம்மா."

அதை நம்புவதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. இனி எப்போதும் தெரியப்போவதில்லை. வாக்மாரே என்ன என்று கேட்டார். "ஒன்றுமில்லை, வீட்டு விஷயம்," என்றாள்.

*

இரவு எட்டு மணிக்குள் ஸ்டேஷனில் எழுத்து வேலை முடிந்துவிட்டது. கான்ஸ்டபிள் மராட்டியில் எழுதியதைப் படித்துக் காட்டினார். வாக்குமூலம் கொடுத்தவர், கோதை விஸ்வேஸ்வரன். அவள் கையெழுத்துப் போட்டாள். அவர் இன்னொரு தாளை எடுத்தார்.

"கைதானவரின் உறவினர் ஒருவருக்குத் தகவல் சொல்ல வேண்டும். யார் இருக்கிறார்கள்?"

"வேற யாரும் இல்லை."

அவர் வாக்மாரேயைப் பார்த்தார். வாக்மாரே தலையசைத்தார். அந்தத் தாளிலும் கோதை விஸ்வேஸ்வரன் என்றே எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள்.

கிளம்பும்போது கோதை ஒன்று கேட்டாள். "இஸ்மாயில் பாய் பேரில் இருக்கிற கேஸ்?"

"செத்தவன் மேல் கேஸ் நடக்காது அம்மா. முடிந்துபோனதாக எழுதுவோம்."

"நிரபராதி என்று எழுத மாட்டீர்களா?"

"அதைக் கோர்ட்தான் சொல்ல வேண்டும். விசாரணையே நடக்காதபோது யார் சொல்வது?" வாக்மாரே மேஜை மேலிருந்த பேனாவை மூடினார். "நானும் எழுதிப் பார்க்கிறேன். பெரிதாக நம்பாதீர்கள்."

*

மறுநாள் காலை கோதை மீண்டும் அந்தத் தகரக் கூரை வீட்டுக்குப் போனாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். யார் அடித்தது, ஏன் அடித்தது, படம் எப்படி வந்தது, தான் போட்ட கையெழுத்து. எதையும் குறைக்கவில்லை. கணவரைப் பற்றிச் சொல்லும்போது குரல் உடையவில்லை. இஸ்மாயிலைப் பற்றிச் சொல்லும்போது உடைந்தது.

நஸ்ரின் தைத்துக்கொண்டே கேட்டாள். ஒரு ஹூக்கை முடித்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அவரு செய்யலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்மா," என்றாள். "நீங்க சொன்னதுல எனக்குப் புதுசா ஒண்ணும் இல்ல. உங்களுக்குத்தான் புதுசு."

கோபமாகச் சொல்லவில்லை. மடியில் இருந்த பிளவுஸை மடித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். அன்றைக்குப் பன்னிரண்டு தைத்துக் கடைக்குக் கொடுத்தாக வேண்டும் என்றாள். கோதை இன்னும் சற்று நேரம் நின்றாள். பிறகு எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் சந்தின் முனை வரைக்கும் நடந்தாள்.